மாற்றிப் போட்ட ஜம்பர்

போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் பக்கத்து வீட்டு நாராயணன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கே நியாயம் சொல்கிற ஆள். அவர் முகம் அன்று சரியில்லை.

“கோபி சார், என்னை நல்லா ஏமாத்திட்டான். புது டிஸ்க் வாங்கினேன், பெட்டி மேல ஒரு டிபி, ஆயிரம் ஜிபின்னு போட்டிருக்கான். கம்ப்யூட்டர்ல சொருகினா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு ஜிபிதான் காட்டுது. மீதி எங்க? நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகாம விடமாட்டேன்.”

“மொதல்ல உக்காருங்க சார். காபி சாப்பிட்டுட்டு கோர்ட்டுக்குப் போலாம்.”

தாம்பரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் ஆயிரம் தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். “ஸ்டேஷன் வாசல்ல பூக்காரம்மா அளந்து பத்து முழம்னு குடுப்பாங்க. அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்க அளந்தா ஒன்பதரைதான் வரும். பூ குறைஞ்சுதா? உங்க கை நீளம், அவ்வளவுதான். டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்தி நாலு ஆயிரத்து இருபத்தி நாலா எண்ணும். பொருள் முழுசா அங்கதான் இருக்கு.”

நாராயணன் பாதி சமாதானம் ஆனார். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி கேட்டார். “நிஜமாவே டிஸ்க் குறைச்சுக் காட்டி, உள்ள இருந்தது காணாமப் போனது உண்டா?”

அடுக்களையிலிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. “அந்த ஜம்பர் கதையைச் சொல்லுங்களேன். வருஷத்துக்கு ஒரு தடவை சொன்னாத்தான் உங்களுக்கு நல்லது.”

சொன்னேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்து, ஒரு டிவி ரிப்பேர் கடையில் ஷாக் அடித்து ஷாக் அடித்தே தொழில் படித்து, பிறகு மேற்குத் தாம்பரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். கீழே மளிகைக் கடை, மாடியில் நாங்கள். மழை பெய்தால் அரிசி மூட்டை வாசம் மேலே வரும். அங்கே சர்வீஸ் மேனேஜர் டெய்சி மேடம்.

மேடம் ஐந்தடி இருந்தால் அதிகம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் ‘நீ’ என்று சொல்ல மாட்டார். திட்டும்போதும் ‘நீங்க’தான். மேஜை மேல் ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர். ஏதாவது தப்பு நடந்தால் முதலில் ஒரு டம்ளர் ஊற்றுவார், ஊதுவார், குடிப்பார். அதுவரை நாம் எதிரில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கார்டு உண்டு. அதில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கஸ்டமர் சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே எழுத வேண்டும். இரண்டாவதில் நாம் பார்த்தது. மூன்றாவதில் நாம் நினைத்தது. பார்த்ததும் நினைத்ததும் ஒரு கட்டத்தில் கலந்துவிட்டால் கார்டு திரும்பி வரும். “கோபி, இது நீங்க பாத்ததா, நெனச்சதா?” இதே கேள்வியை என்னிடம் எத்தனை வருஷம் கேட்டிருப்பார்!

சேர்ந்த புதிதில் வண்டலூரிலிருந்து ஒரு புகார். ‘மத்தியானம் மட்டும் ஆஃப் ஆகுது.’ நான் பவர் சப்ளை போச்சு என்று எழுதினேன். மேடம் கேள்வியைக் கேட்டார். “போய் மத்தியானம் வரைக்கும் உக்காந்து பாத்துட்டு வாங்க” என்று அனுப்பினார். போய் உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்கு அந்த வீட்டு அம்மா வந்து, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி அயர்ன் பாக்ஸைச் சொருகினார். வீட்டுக்காரருக்கு இரண்டாவது ஷிப்ட். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பிளக்கைத் திரும்பப் போட்டார்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா? பத்து வருஷ சர்வீஸ் ஆனதும் தலைக்கனம்தான் வந்தது. மெஷின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று பந்தா. அந்தச் சமயத்தில்தான் விசாலாட்சி அம்மா வந்தார்.

விசாலாட்சி அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வீடு. கணவர் தவறிய பிறகு, முன் அறையில் ஒரு மேஜையும் ஒரு போர்டும் போட்டு திருமணத் தகவல் மையம் ஆரம்பித்தவர். வரன் தேடி வருகிற அத்தனை பேர் ஜாதகமும் போட்டோவும் அவரிடம் இருக்கும். மனிதர்களைப் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டார், ஊரும் நட்சத்திரமும்தான். “படப்பை மூலம் வந்துச்சா? பெருங்களத்தூர் ஆயில்யம் என்ன சொல்லுது?” என்றுதான் போனில் கேட்பார்.

அவரைக் கம்ப்யூட்டர் வாங்க வைத்ததே நான்தான். “கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா இந்தப் பேப்பரெல்லாம் எதுக்கும்மா?” என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். பாவம், நம்பிவிட்டார். ஆறு மாதம் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, நாலு மூட்டை ஜாதகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அப்புறம் கொஞ்ச நாள் தாம்பரத்தில் பஜ்ஜி வாங்கினால் யாரோ ஒருவருடைய செவ்வாய் தோஷம் எண்ணெயில் நனைந்து வரும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அந்த மெஷின் எங்களிடம் வந்தது. புகார்: ‘ஃபேன் கரகரங்குது.’ வேறு ஒரு குறையும் இல்லை. உள்ளே எண்பது ஜிபி டிஸ்க். அப்போது எண்பது என்றால் பெரிய சைஸ். முதல் இருபது ஜிபி ‘சி’ டிரைவ், மீதி அறுபதும் ‘டி’ டிரைவ். ஜாதகமெல்லாம் ‘டி’யில்.

மேடம் வைத்த முறைப்படி, உள்ளே வரும் மெஷினை ஆன் செய்து, டிஸ்க் எவ்வளவு காட்டுகிறது என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது கஸ்டமர் எதிரில் எல்லா டிரைவையும் திறந்து காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் டிஸ்க் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து ‘எண்பது’ என்று எழுதினேன். விஜயதசமி அன்று கொண்டுபோய்க் கொடுத்தபோது, விண்டோஸ் படம் வந்ததும் “ஓகேம்மா, சத்தமே இல்ல பாருங்க” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். கேசரியில் முந்திரி நிறைய இருந்தது.

மறுநாள் காலை போன். “சார், ‘டி’யைத் திறந்தா, இது ஃபார்மேட் ஆகல, பண்ணட்டுமான்னு கேக்குது. நான் வேணாம்னு அமுக்கிட்டு ஆஃப் பண்ணிட்டேன்.”

போய்ப் பார்த்தேன். எண்பது ஜிபி டிஸ்க், முப்பத்திரண்டுக்குக் கிட்டத்தான் காட்டியது. நாராயணனுக்குச் சொன்ன பூக்காரம்மா கணக்கெல்லாம் இதற்குச் செல்லாது. பாதிக்கு மேல் காணோம்! ‘டி’ டிரைவ் போய் முடிகிற இடமே டிஸ்கில் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? “எதையோ அமுக்கிட்டீங்கம்மா” என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதும். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ரமேஷ் பக்கத்திலேயே நின்றிருந்தான். “அப்பவே சொன்னேன்ல? உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? தெரியாததைத் தொடாதேன்னா கேக்கறியா?” என்று ஆரம்பித்தான். விசாலாட்சி அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “வேணாம்னுதானே அமுக்கினேன்…” என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் மெல்ல. நான் கேட்காத மாதிரி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரன் பார்க்கும் கூட்டம். அவர் தனியாக எடுத்துச் செய்கிற முதல் பெரிய கூட்டம் அது. இருநூறு குடும்பம் வருகிறது. ஒவ்வொரு ஜாதகத்தையும் திரையில் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். காட்ட வேண்டியது அத்தனையும் அந்த டிஸ்கில்.

சென்டருக்குக் கொண்டுவந்து நாலு மெஷினில் மாட்டிப் பார்த்தேன். நாலிலும் முப்பத்திரண்டு. கேபிளை மாற்றினேன், வைரஸ் தேடினேன், டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டேன். டெய்சி மேடம் அந்த வாரம் அக்கா வீட்டுக்கு நாகர்கோவில் போயிருந்தார். கேட்க ஆள் இல்லாத தைரியத்தில் கார்டில் ‘டிஸ்க் பழுது, கஸ்டமர் தவறு’ என்று எழுதினேன். எந்தக் கட்டத்தில் எழுதினேன் தெரியுமா? ‘பார்த்தது’ கட்டத்தில்!

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடம் போய், டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. “ஞாயித்துக்கிழமை மண்டபத்துல எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டு, இதோட மூடிடறேன் சார். ரமேஷ் சொல்றது சரிதான். எனக்கு இதெல்லாம் வராது” என்றார். போர்டைக் கழற்ற ஆள் சொல்லியாகிவிட்டது என்றார். நான் வண்டியை ஸ்டார்ட் செய்யும்வரை வாசலில் நின்று, “பாத்துப் போங்க” என்று வேறு சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை மேடம் வந்துவிட்டார். பையை வைத்ததும், “கோபி, அந்த ஜாதக அம்மா கார்டைக் குடுங்க” என்றார். எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ! படித்தார். வெந்நீர் ஊற்றினார். ஊதினார். குடித்தார்.

“டிஸ்க் பழுதுன்னு எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

“நாலு மெஷின்ல பாத்தேன் மேடம்.”

“நாலு மெஷின்ல முப்பத்திரண்டைப் பாத்தீங்க. பழுதை எங்க பாத்தீங்க?” டிஸ்க்கை வாங்கித் திருப்பினார். “இது என்ன?”

“சந்தனம் மேடம். ஆயுத பூஜைக்கு வெச்சது.”

“சந்தனம் டிஸ்க் மேல இருக்கு. அப்ப டிஸ்க்கை வெளிய எடுத்திருக்கீங்க. சத்தம் ஃபேன்லதானே வந்துச்சு?”

“எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம் மேடம். ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், எல்லாத்துக்கும். ஜாதகம் இருக்கற டிஸ்க்கை மட்டும் விட்டா நல்லா இருக்காதேன்னு, எடுத்துத் துடைச்சு…”

மேடம் லென்ஸை எடுத்தார். டிஸ்க்கின் பின்பக்கம், கேபிள் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன ஊசிகள் இரண்டு வரிசையாக இருக்கும். அதில் ஒரு ஜோடியின் மேல் பொரி அளவுக்கு வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். அதற்குத்தான் எங்கள் தொழிலில் ஜம்பர் என்று பேர். மேடம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கோபி, இதுல பல் தடம் இருக்கு.”

பக்கத்து மேஜையில் மானிட்டர் பார்த்துக்கொண்டிருந்த மணி எழுந்தான். என்னோடு வேலை பார்த்தவன், பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. லென்ஸில் ஒரு தடவை பார்த்தான். “ஐய, இது என் பல்லுணா! பூஜ அன்னிக்கு பொரில கல்லு கீதுன்னு துப்பல? நீதான ‘அடப்பாவி, இது ஜம்பர்டா’ன்னு வாங்கி, வேட்டில தொடச்சிகினு போன! இன்னா, மறந்துட்டியா?”

அடக் கடவுளே. எல்லாம் ஞாபகம் வந்தது. துணியால் துடைக்கும்போது ஜம்பர் தெறித்து, படையல் பொரியில் விழுந்திருக்கிறது. பொரியும் வெள்ளை, ஜம்பரும் வெள்ளை. மணி வாயிலிருந்து மீட்டதை நான் கொண்டுபோய், பார்க்க எது லட்சணமாக இருந்ததோ அந்த ஊசியில் மாட்டிவிட்டேன். எங்கே மாட்ட வேண்டும் என்று டிஸ்க் மேலேயே படம் போட்டிருக்கிறது. அந்தப் படத்தின் மேல்தான் சந்தனம் வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துப் பழைய மெஷின்கள் சிலதுக்கு முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. பெரிய டிஸ்க்கைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடும். அதற்காக டிஸ்க் செய்தவர்களே ஒரு வசதி வைத்தார்கள். ஜம்பரை ஓர் இடத்தில் மாட்டினால் டிஸ்க் தன் முழு அளவைச் சொல்லும். இன்னோர் இடத்தில் மாட்டினால், எவ்வளவு பெரிய டிஸ்க்கும் ‘நான் முப்பத்திரண்டுதான்’ என்று அடக்கமாகப் பொய் சொல்லும். நாலு தடவை அந்த டிஸ்க்கைக் கையில் வைத்து மாட்டிக் கழற்றியவன் நான். ஒரு தடவைகூட ஜம்பரைப் பார்க்கவில்லை. அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தனத்தைச் சுரண்டி, படத்தைப் பார்த்து, ஜம்பரை மாற்றி மாட்டினேன். ஆன் செய்தேன். எண்பது! ‘டி’யைத் திறந்தால் மணமகன், மணமகள் என்று இரண்டு ஃபோல்டரும் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. மணி ஒரு விசில் அடித்தான். கீழே மளிகைக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

“மேடம், கஷ்டப்பட்டு மீட்டுட்டோம்னு சொல்லிடறேன்” என்றேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது.

மேடம் இரண்டாவது டம்ளர் ஊற்றினார். “அந்த அம்மாகிட்ட ஏற்கெனவே என்ன சொன்னீங்க?”

“எதையோ அமுக்கிட்டீங்கன்னு…”

“அதைப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அவங்க ஒண்ணுதான் அமுக்கினாங்க கோபி. வேணாம்னு அமுக்கினாங்க. சரின்னு அமுக்கியிருந்தா எல்லாம் அழிஞ்சிருக்கும், இன்னிக்கு ஜம்பரை மாத்தியும் பிரயோஜனம் இல்ல. போயிட்டு வாங்க. யார் எதிர்ல பழி சொன்னீங்களோ, அவங்க எதிர்லயே சொல்லுங்க.”

சிட்லபாக்கம் வரைக்கும் வண்டியில் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முன் அறையில் விசாலாட்சி அம்மா, ரமேஷ், அவன் மனைவி மூவரும் இருந்தார்கள். போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோய், மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன்.

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. உங்க மேல தப்பே இல்ல. ஆயுத பூஜை அன்னிக்கு உங்க ஜம்பரைக் கழட்டி மாத்திப் போட்டது நான்தான்!”

விசாலாட்சி அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். ரமேஷ் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவர் வயதுப் பெண்களுக்கு ஜம்பர் என்றால் ரவிக்கை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“என்ன சார் சொல்றீங்க? என் ஜம்பரை நீங்க எதுக்கு எடுத்தீங்க?” என்றார், துணிக் கொடிப் பக்கம் பார்த்துக்கொண்டே.

“ஐயோ அம்மா, அந்த ஜம்பர் இல்ல! டிஸ்க் ஜம்பர்! இத்தனூண்டு!”

“இத்தனூண்டு ஜம்பரா?” என்றாள் மருமகள். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

டிஸ்க்கை எடுத்துக் காட்டி, பொரி, மணியின் பல், சந்தனம் எல்லாவற்றையும் வியர்க்க வியர்க்கச் சொன்னேன். மெஷினில் மாட்டி ‘டி’யைத் திறந்து காட்டினேன். ‘வேணாம்’ என்று அவர் அமுக்கியதால்தான் அத்தனையும் பிழைத்தது என்பதையும் சொன்னேன். விசாலாட்சி அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

“சார், அந்தக் கடைசி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

சொன்னேன். ரமேஷ் தலையைச் சொறிந்துகொண்டு, “சரிம்மா, விடு” என்றான்.

“விடறதா? ரெண்டு நாளா நீ விட்டியா?” என்றார். அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க டிஸ்க்கைத் துடைப்பது போல பாசாங்கு செய்தேன். உடனே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினார். “துடைச்சது போதும் சார், வைங்க கீழ!”

ஞாயிற்றுக்கிழமை மெஷினை நானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கூட்டம் நாற்காலி போதாமல் பந்திப் பாய் வரைக்கும் உட்கார்ந்திருந்தது. மேடையில் விசாலாட்சி அம்மா பட்டுப்புடவையில், ஒரு கையில் மைக், மேஜையில் கம்ப்யூட்டர், பின்னால் பெரிய திரை. நானும் ரமேஷும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். படப்பை மூலத்தைக் காட்டி முடித்து அடுத்ததைத் திறக்கத் தேடினார். ஒரு நொடி தாமதம். பழக்க தோஷம், நான் குனிந்து மவுஸ் மேல் கையை வைத்தேன்.

“சார், கையை எடுங்க” என்றார். மைக் ஆனில் இருந்தது. “எதையாவது அமுக்கிடப் போறீங்க.”

ரமேஷ்தான் முதலில் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது, ஏன் என்று தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். விசாலாட்சி அம்மா மவுஸை நகர்த்தி, அடுத்த ஜாதகத்தைத் தானே திறந்தார்.